'சாப்ட்டதும் ஒரு தம் போட்டாத்தான் செரிக்கும்': இதை முதல்ல சொன்னது யாரு?

(ஒலிப்பதிவிலிருந்து, வாசிப்பதற்கு வசதியாகச் சற்றே திருத்தி எழுதப்பட்டது.)

இன்னைக்கு எபிசோடை ஒரு வாக்குமூலத்தோடதான் ஆரம்பிக்கணும்.

எட்டு வருஷமா தினமும் ஒரே வசனத்தைச் சொல்லிக்கிட்டிருந்தவன் நான். மதியம் ஆபீஸில் சாப்பாடு முடிந்ததும் கேட்டுக்கு வெளியே இருக்கிற டீக்கடைக்கு நாலு பேர் போவோம். "இப்பதானேடா அடிச்சே, மறுபடியுமா?" என்று யாராவது கேட்டால் என் பதில் ரெடியாக இருக்கும்: "சாப்ட்டதும் ஒண்ணு போட்டாத்தான்டா செரிக்கும்."

சிகரெட் பாக்கெட் இருந்த அதே பையில் ஒரு ஆன்டாசிட் மாத்திரை அட்டையும் இருக்கும். ராத்திரி ரெண்டு மணிக்கு நெஞ்சுக்கு நடுவில் எரிந்து, தொண்டை வரைக்கும் புளிப்பாக ஏறி வரும்போது எழுந்து உட்கார்ந்து ரெண்டு மாத்திரையை மெல்லுவேன். ஒரே பையில் இருந்த இந்த ரெண்டுக்கும் சம்பந்தம் இருக்கலாம் என்று எட்டு வருஷத்தில் ஒரு தடவைகூட எனக்குத் தோன்றியதில்லை.

கடைசியில் ஒரு டாக்டரிடம் போனேன். "சிகரெட் உண்டா?" என்று கேட்டார். "சாப்பிட்ட பிறகு மட்டும்தான் டாக்டர், செரிமானத்துக்கு" என்றேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "அப்படின்னு உங்களுக்கு யார் சொன்னா?"

எங்க அப்பா சொன்னார். அப்பாவுக்கு யார் சொன்னது? அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனபோது கிடைத்த கதைதான் இந்த எபிசோட்.

மருந்தாக வந்த இலை

கதை 16-ஆம் நூற்றாண்டு ஸ்பெயினில் தொடங்குகிறது. புகையிலை அமெரிக்கக் கண்டத்துச் செடி. கப்பலேறி ஐரோப்பாவுக்கு வந்தபோது அது முதலில் பேர் வாங்கியது மருந்தாகத்தான். 1560-இல் போர்ச்சுகலில் இருந்த பிரெஞ்சுத் தூதர் ழான் நிகோ இதைப் பிரான்ஸ் அரண்மனைக்கு அனுப்பி வைத்தார். 'நிகோடின்' என்ற பெயரே அவர் பெயரிலிருந்து வந்ததுதான்.

செவில் நகரத்து மருத்துவர் நிக்கோலாஸ் மொனார்டெஸ் 1571-இல் வெளியிட்ட நூலில், புகையிலையால் தீரும் நோய்கள் என்று ஒரு நீளமான பட்டியலே கொடுத்தார். அதில் வயிற்றுவலியும் உண்டு. இலையைச் சுடவைத்து வயிற்றின் மேல் வைக்கச் சொன்னார்.

இதைப் படித்துச் சிரிக்காதீங்க. அன்றைய ஐரோப்பிய மருத்துவத்தில் ஒவ்வொரு பொருளுக்கும் சூடு, குளிர்ச்சி, ஈரம், வறட்சி என்று குணம் பிரிப்பார்கள். புகையிலை சூடும் வறட்சியும் கொண்டது. வயிறு என்பது சோறு வேகிற பானை. பானைக்கு அடியில் சூடு கொடுத்தால் நல்லா வேகும், அவ்வளவுதான் கணக்கு. 'இது உஷ்ணம், அது குளிர்ச்சி' என்று நம்ம பாட்டிகள் சொல்வதைக் கேட்டு வளர்ந்த நமக்கு இந்த யோசனை அப்படியொன்றும் அந்நியமில்லை. நம்ம ஊரிலும் விருந்து முடிந்ததும் வெற்றிலை பாக்கு போடுவது செரிமானத்துக்குத்தான். அதோடு ஒரு துண்டு புகையிலையும் சேர்ந்துகொண்டது, பல பேருக்கு அது பழக்கமாகவே ஆனது.

ஆகவே, சாப்பாட்டுக்கும் புகையிலைக்கும் முடிச்சுப் போட்டது ஒரு தனி ஆள் இல்லை. ஆனால் அந்த முடிச்சை அறிவியல் மாதிரி பேச வைத்தவர்கள் யார் என்று கேட்டால், அதற்கு வருஷமும் உண்டு, பெயரும் உண்டு.

1936: சூப்புக்கு ஒன்று, வான்கோழிக்கு ஒன்று

இப்ப அமெரிக்காவுக்குப் போவோம். ஆர்.ஜே. ரெனால்ட்ஸ் என்ற புகையிலை நிறுவனம். அதன் பிரபலமான பிராண்ட் கேமல். 1936-இல் அவர்கள் ஒரு விளம்பர வரிசையை இறக்கினார்கள். அதன் சாரம் ஒரே வரி: செரிமானத்துக்காகக் கேமல் பிடியுங்கள்.

அந்த வருஷத்து 'தேங்க்ஸ்கிவிங்' பண்டிகை விளம்பரத்தைப் பார்த்தபோது எனக்கு நிஜமாகவே சிரிப்பு வந்தது. குடும்பமே உட்கார்ந்து விருந்து சாப்பிடும் நாள் அது. விளம்பரம் விருந்தின் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு சிகரெட்டைச் சொருகுகிறது. சூப் குடித்ததும் ஒன்று. வான்கோழியை ஒரு ரவுண்டு முடித்துவிட்டு, அடுத்த ரவுண்டுக்குப் போகும் முன் இன்னொன்று. எதற்கு? கேமல் இறுக்கத்தைத் தளர்த்தும், செரிமான நீர்களை வேகமாகச் சுரக்க வைக்கும், காரத்தன்மையைக் கூட்டும்.

இந்தக் 'காரத்தன்மை' என்ற வார்த்தையில் கொஞ்சம் நில்லுங்க. இங்கே காரம் என்றால் மிளகாய்க் காரம் இல்லை, அமிலத்துக்கு எதிரான குணம். 1930களின் அமெரிக்காவில் இது ஃபேஷனான வார்த்தை. தண்ணீரில் போட்டால் நுரைத்துக் கரையும் ஆல்கா-செல்ட்சர் மாத்திரை 1931-இல் சந்தைக்கு வந்திருந்தது. வயிற்றில் ஆசிட் அதிகமானால் அதைக் காரத்தால் சமப்படுத்தணும் என்ற பேச்சு எல்லார் வாயிலும் இருந்தது. சிகரெட் கம்பெனி அந்த வார்த்தையை எடுத்துத் தன் பாக்கெட்டின் மேல் ஒட்டிக்கொண்டது.

ஆனால் வயிறு வேலை செய்வதே ஆசிடில்தான். இரைப்பையில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம் என்று இங்கிலாந்தில் வில்லியம் பிரௌட் 1824-லேயே பதிப்பித்துவிட்டார். செரிமான நீரும் கூடும், காரத்தன்மையும் கூடும் என்று ஒரே மூச்சில் சொன்னால், எந்த நீர், எங்கே, எப்படி என்று கேட்டிருக்கணும். விளம்பரத்தைப் பார்த்து யார் அதையெல்லாம் கேட்கப் போகிறார்கள்? நானே கேட்கலையே.

அதே சமயம், நியூயார்க்கில் ஒரு ஆஸ்பத்திரியில்

இப்ப ஒரே ஒரு வருஷம் பின்னால் போவோம். 1935. நியூயார்க்கின் மவுன்ட் சினாய் மருத்துவமனையில் ஆஷர் விங்கிள்ஸ்டைன் என்ற மருத்துவர், அமெரிக்க மருத்துவக் கழகத்தின் இதழில் ஒரு கட்டுரை எழுதினார். சில நோயாளிகளின் உணவுக்குழாய் உள்பக்கம் புண்ணாகியிருந்தது. வயிற்றிலிருந்து ஏறி வரும் செரிமான நீர்தான் அதற்குக் காரணமாக இருக்கணும் என்று அவர் சொன்னார். இதைப் புதுவகை நோயாகவே அவர் முன்வைத்தார். இன்று நாம் 'ஆசிட் ரிஃப்ளக்ஸ்', நம்ம வீட்டுப் பேச்சில் எதுக்களிப்பு என்று சொல்கிற விஷயத்தின் நவீன மருத்துவக் கதையில் இது ஒரு முக்கியமான பக்கம்.

பாருங்க: 1935-இல், ஆசிட் மேலே ஏறினால் உணவுக்குழாய் புண்ணாகும் என்று ஒரு டாக்டர் எழுதுகிறார். 1936-இல், சாப்பாட்டுக்கு நடுவே சிகரெட் பிடித்தால் வயிற்றுக்கு நல்லது என்று ஒரு கம்பெனி விளம்பரம் போடுகிறது. விங்கிள்ஸ்டைன் எழுதிய அதே இதழ் 1933 முதல் 1953 வரை சிகரெட் விளம்பரங்களையும் வாங்கிப் போட்டது. நோயைச் சொன்ன பத்திரிகைக்கும் சிகரெட் விற்ற கம்பெனிக்கும் நடுவில் ஒரு தாள்தான் இடைவெளி.

எட்டு வருஷ வழக்கு

அமெரிக்காவில் வணிக மோசடிகளைக் கவனிக்க ஃபெடரல் டிரேட் கமிஷன் என்று ஒரு அமைப்பு உண்டு. அது 1942-இல் ரெனால்ட்ஸ் நிறுவனத்தின் மேல் புகாரைப் பதிவு செய்தது. தீர்ப்பு வந்தது 1950-இல். கேமல் செரிமான நீர்களைச் சுரக்க வைக்கும், காரத்தன்மையைக் கூட்டும், எந்த வகையிலாவது செரிமானத்துக்கு உதவும் என்றெல்லாம் இனி விளம்பரம் செய்யக் கூடாது என்று கமிஷன் உத்தரவு போட்டது. களைப்பைப் போக்கும், தொண்டையை உறுத்தாது என்ற மாதிரியான வாசகங்களுக்கும் அதே கதிதான்.

சந்தோஷப்படலாமா? கணக்குப் போட்டுப் பாருங்க. விளம்பரம் வந்து 14 வருஷம் ஆகியிருந்தது. நிறுவனம் அந்தப் பிரச்சாரத்தைத் தாண்டி வேறு இடத்துக்குப் போய்விட்டது. 1946-லேயே, மற்ற எந்த சிகரெட்டையும்விட அதிகமான டாக்டர்கள் பிடிப்பது கேமல்தான் என்ற அடுத்த வரிசையை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். உத்தரவு விளம்பரத்தை நிறுத்தும். ஒருத்தர் மண்டைக்குள் போய் உட்கார்ந்துவிட்ட வாக்கியத்தை எந்த உத்தரவால் வெளியே எடுக்க முடியும்?

இன்னொரு விஷயமும் இருக்கு. சிகரெட் செரிமானத்துக்கு உதவும் என்று சொல்லக் கூடாது என்றுதான் 1950-இல் சொன்னார்கள். சிகரெட் நெஞ்செரிச்சலை எப்படிக் கொண்டுவருகிறது என்று காட்ட இன்னும் 20 வருஷம் ஆனது. காரணம், பார்க்க வேண்டிய கதவு எங்கே இருக்கிறது என்பதே சரியாகத் தெரிந்திருக்கவில்லை.

கதவைக் கண்டுபிடித்த கதை

வாயிலிருந்து வயிற்றுக்குப் போகும் உணவுக்குழாய் சுமார் 25 சென்டிமீட்டர் நீளம். அதன் அடியில், வயிற்றோடு சேரும் இடத்தில், சில சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு சுருக்குத் தசை இருக்கிறது. சுருக்குப் பையின் வாய் மாதிரி வைத்துக்கொள்ளுங்க. விழுங்கும்போது திறக்கும், மற்ற நேரத்தில் இறுகி மூடியிருக்கும். வயிற்றின் உள்சுவர் ஆசிடைத் தாங்கும்படி அமைந்தது, உணவுக்குழாய்க்கு அந்தக் கவசம் கிடையாது. அதனால் இந்தச் சுருக்கு தளர்ந்தால் ஆசிட் மேலே வரும், எரியும்.

சிக்கல் என்னவென்றால், உடலை அறுத்துப் பார்த்தால் அந்த இடத்தில் கதவு என்று சொல்லும்படி தனியாக எதுவும் துருத்திக்கொண்டு தெரியாது. மெல்லிய குழாயை உள்ளே செலுத்தி ஒவ்வொரு இடத்திலும் அழுத்தத்தை அளந்தபோதுதான் அது பிடிபட்டது. 1956-இல் ஃபைக், கோட், ஷ்லேகல் என்ற மூன்று ஆய்வாளர்கள் ஆரோக்கியமான மனிதர்களிடம் அந்த இறுக்கமான பகுதியை அளந்து காட்டினார்கள்.

அளக்கத் தெரிந்த பிறகு, எது அதைத் தளர்த்துகிறது என்று பார்க்க முடிந்தது. 1971-இல் ஜார்ஜ் டென்னிஷ், டொனால்ட் காஸ்டெல் என்ற இருவர் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். சிகரெட் பிடிப்பவர்களின் உணவுக்குழாயில் அழுத்தம் அளக்கும் குழாயை வைத்துவிட்டுப் பிடிக்கச் சொன்னார்கள். பற்றவைத்த சில நிமிடங்களில் சுருக்குத் தசையின் அழுத்தம் விழுந்தது. சிகரெட் முடிந்து கொஞ்ச நேரத்தில் மறுபடி ஏறியது. அடுத்த வருஷமே இங்கிலாந்தில் ஸ்டான்சியு, பென்னெட் என்ற இருவர் ஆசிடையே நேரடியாக அளந்து, புகைக்கும் நேரத்தில் அது மேலே ஏறுவதைக் காட்டினார்கள்.

இந்த இடத்தில் என் டீக்கடை நினைவுக்கு வந்தது. வயிறு நிறைய சாம்பார் சாதம். ஆசிட் முழு வேகத்தில் சுரக்கிற நேரம். கதவு இறுக்கமாக மூடியிருக்க வேண்டிய அந்த நேரம் பார்த்து, நானே போய்க் காசு கொடுத்துக் கதவைத் தளர்த்திக்கொண்டிருந்திருக்கிறேன்.

தளர்த்துகிற வேலையைச் செய்வது பெரும்பாலும் நிகோடின். ஹைடல்பெர்க் நகரில் 1828-இல் போசெல்ட், ரைமான் என்ற இருவர் புகையிலையிலிருந்து அதைத் தனியாகப் பிரித்தெடுத்தார்கள். 1889-இல் கேம்பிரிட்ஜில் லாங்லி என்ற உடலியல் அறிஞர், நரம்புகள் ஒன்றோடொன்று கைமாற்றும் சந்திப்புகளில் நிகோடின் வேலை செய்கிறது என்று காட்டினார். நம் உடம்பே தயாரிக்கும் ஒரு செய்தி ரசாயனம் உட்கார வேண்டிய நாற்காலியில் நிகோடின் போய் உட்கார்ந்துகொள்ளும். குடலையும் உணவுக்குழாயையும் நடத்துவதே அப்படிப்பட்ட நரம்புச் சந்திப்புகள்தான். 'தளர்ந்துகொள்' என்ற தப்பான உத்தரவு சுருக்குத் தசைக்குப் போய்விடுகிறது.

எச்சிலும் இருமலும்

கதவு ஒன்றுதான் காரணமா? 1980களின் கடைசியில் கஹ்ரிலாஸ், குப்தா என்ற இருவர் இதைத் தோண்டினார்கள். அவர்கள் கண்டது இரண்டு விஷயம்.

முதலாவது எச்சில். எச்சிலில் இயற்கையாகவே பைகார்பனேட் இருக்கிறது. கொஞ்சம் ஆசிட் மேலே வந்தாலும் நாம் விழுங்கும் எச்சில் அதைக் கழுவிச் சமன் செய்துவிடும். புகைப்பவர்களிடம் அந்த எச்சிலின் சக்தி குறைந்திருந்தது. ஆசிடைக் கழுவித் தள்ள மற்றவர்களைவிடச் சுமார் ஒன்றரை மடங்கு நேரம் ஆனது. கேமல் விளம்பரம் காரத்தன்மையைக் கூட்டும் என்றதே, ஞாபகம் இருக்கா? உடம்பில் சும்மா கிடைக்கிற காரத்தையே சிகரெட் குறைக்கிறது.

இரண்டாவது, இருமலும் ஆழமாக இழுக்கும் மூச்சும். 1990-இல் வந்த ஆய்வில், புகைப்பவர்களுக்கு ஆசிட் ஏறுவது பெரும்பாலும் இருமும்போதும் ஆழமாக மூச்சிழுக்கும்போதும் நடந்தது. வயிற்றுக்குள் அழுத்தம் திடீரென்று கூடுகிறது, கதவு ஏற்கெனவே லூஸ், பிறகென்ன?

அப்போ ஏன் நல்லா இருந்த மாதிரி இருந்துச்சு?

இது நியாயமான கேள்வி. நானே கேட்டேன். புகையை உள்ளே இழுத்தால் நிகோடின் சில நொடிகளில் மூளைக்குப் போய்விடும். ரத்தத்தில் அதன் அளவு சுமார் இரண்டு மணி நேரத்தில் பாதியாகக் குறையும். காலையில் இருந்து மீட்டிங்கில் உட்கார்ந்துவிட்டு மதியம் சாப்பிட்டு முடிக்கும்போது, உடம்பு அடுத்த டோஸுக்கு ஏங்கிக்கொண்டிருக்கும். அந்த எரிச்சல், அந்த நிம்மதியின்மை, வயிறு கனமாக இருப்பதோடு கலந்து 'செரிக்கலை' என்று தோன்றும். ஒரு தம் போட்டதும் ஏக்கம் அடங்கும். 'அப்பாடா, செரிச்சிடுச்சு' என்று நினைத்துக்கொள்வோம். ரெண்டு மணி ராத்திரியில் எரியும்போது குற்றவாளி நேற்றைய பரோட்டா.

சிகரெட்டை விட்டவர்களுக்கு ஒரு குழப்பம் வரலாம். நிகோடின் பேட்ச் ஒட்டிக்கொண்டாலும் இந்தச் சுருக்குத் தசை ஓரளவு தளரும் என்று 1990களின் ஆய்வுகள் சொல்கின்றன. நிகோடின் கம்மை சாதா சூயிங்கம் மாதிரி வேக வேகமாக மென்று எச்சிலை விழுங்கினால் விக்கலும் நெஞ்செரிச்சலும் வரும். எனக்கு வந்தது. 'இதுக்கு சிகரெட்டே தேவலை' என்று ஒரு நாள் திரும்பக் கடைக்குப் போய்விட்டேன். அது முட்டாள்தனம். கம்மைக் கொஞ்சம் மென்று, காரம் தெரிந்ததும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கி வைக்கணும். பேட்சும் கம்மும் சில வாரங்கள், சில மாதங்களுக்கானவை. புகையோடு வரும் விஷங்கள் அவற்றில் இல்லை.

விட்டால் பலன் உண்டா? நார்வேயில் ஒரு மாவட்டத்து மக்களைப் பல வருஷங்கள் பின்தொடர்ந்த ஹன்ட் என்ற பெரிய ஆய்வு இருக்கிறது. 2014-இல் வெளியான அதன் முடிவு: எடை சராசரியாக இருந்து, நெஞ்செரிச்சலுக்கு அடிக்கடி மருந்து எடுத்துக்கொண்டிருந்தவர்களில், புகைப்பதை விட்டவர்களுக்குக் கடுமையான எதுக்களிப்பு குறையும் வாய்ப்பு, விடாதவர்களைவிட நன்றாகவே அதிகம். எல்லாருக்கும் அதே பலன் தெரியவில்லை. எடை, ராத்திரி லேட்டாகச் சாப்பிட்டு உடனே படுப்பது எல்லாம் சேர்ந்த கணக்கு இது. ஆசிடைக் குறைக்கும் மாத்திரை ஆசிடைத்தான் குறைக்கும், கதவை மூடாது என்பதையும் நினைவில் வையுங்க.

ஒரு எச்சரிக்கை. நெஞ்சை அழுத்துகிற வலி வந்து கைக்கோ தாடைக்கோ பரவினால், வியர்த்துக் கொட்டினால், 'கேஸ்தான்' என்று சோடா வாங்கிக் குடிக்காதீங்க, நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்க. விழுங்கச் சிரமம், ரத்த வாந்தி, கறுப்பு நிறத்தில் மலம், காரணமில்லாமல் எடை குறைவது, இவற்றில் எது இருந்தாலும் டாக்டரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடக் கூடாது.

அப்பாவுக்குச் சொன்னது

இந்த எபிசோடை எழுதி முடித்த பிறகு அப்பாவுக்குப் போன் போட்டேன். "அப்பா, சாப்ட்டதும் சிகரெட் பிடிச்சா செரிக்கும்னு சொல்லுவீங்களே, அது உங்களுக்கு யாருப்பா சொன்னது?"

கொஞ்சம் யோசித்தார். "முதல் வேலையில எங்க மேனேஜர் சொன்னாருடா. நல்லாப் படிச்சவரு. ஏதோ இங்கிலீஷ் பத்திரிகையில போட்டிருந்துச்சுன்னு சொன்ன ஞாபகம்."

அது எந்தப் பத்திரிகை என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கேமல் விளம்பரத்தை அப்பா பார்த்திருக்க வாய்ப்பே இல்லை. நான் 1936, 1950, 1971 எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "அப்ப ராத்திரி எனக்கு ஏறுதே, அது வாயு இல்லையா?" என்றார். அவருக்கும் ஏறுகிறது என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

அடுத்த வாரம் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போகிறேன். அவர் இன்னும் முழுசா விடலை. சாப்பாட்டுக்குப் பிறகான அந்த ஒன்றை மட்டும் முதலில் நிறுத்துகிறேன் என்று சொல்லியிருக்கிறார். நான் விட்டு ஏழு மாசம் ஆகிறது. ஆன்டாசிட் அட்டை இன்னும் பையில் இருக்கிறது, ஆனால் போன மாசம் வாங்கிய அட்டை இன்னும் தீரலை.

உங்க வீட்டிலும் இந்த வசனத்தைச் சொல்கிறவர் ஒருத்தர் இருப்பார். திட்டாதீங்க. யார் சொன்னது என்று மட்டும் கேட்டுப் பாருங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.